ஒரு ராத்திரி தள்ளி வைத்த நிக்காஹ்

மேலப்பாளையம்,
12.11.2025, புதன்

அன்பு மகன் நாசருக்கு உம்மா அலிமா பீவி சலாம் சொல்லி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் தங்கை முஃபீதாவும் அல்லாஹ்வின் கிருபையால் சோறு தின்று நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்குப் பேர் நலம் என்றால் நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் கேட்டுக் கேட்டுப் பதில் வராமல் ஒன்பது மாதம் ஆகிவிட்டது, இப்போது நான் வேறு வழியில் தெரிந்துகொள்கிறேன். நீ அந்த வியட்நாமில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பதையும் ஊர் சுற்றுவதையும் வீடியோ எடுத்துப் போடுகிறாயே, அதை முஃபீதா தன் போனில் எனக்குக் காட்டுகிறாள். எங்கள் நம்பரை அடைத்துவிட்டாய், அதை அடைக்கவில்லை, ஊர் உலகம் பார்க்கப் போடுவதைப் பெற்றவள் பார்த்தால் குற்றமா. செப்டம்பரில் ஒரு வீடியோவுக்கு அடியில் உம்மா தினமும் பார்க்கிறாள் நாசர் காக்கா என்று முஃபீதா தமிழில் ஒரு வரி எழுதினாள். மறுநாள் பார்த்தால் யாருமே எதுவும் எழுத முடியாதபடி அந்த இடத்தையே மூடி வைத்திருந்தாய். அவள் அழுதாள். நான் அழவில்லை, நீ படித்துவிட்டாய் என்பது தெரிந்ததே, அது போதும் என்று இருந்தேன். அதனால்தான் இந்தக் காகிதம். இதை நீ கிழித்துப் போடலாம், ஆனால் கிழிப்பதற்காவது கையில் எடுத்தாக வேண்டும். விலாசம் எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். நீ மழையில் நனைந்து வந்து வண்டியை வீட்டுக்குள் தள்ளும்போது கதவுக்குப் பக்கத்தில் நீலத் தகட்டில் நம்பரும் தெருப் பேரும் தெரிந்தது. முஃபீதா அதை நிறுத்திப் பெரிதாக்கி, எழுத்துக்கு மேலே கீழே இருக்கும் கொம்பு புள்ளி ஒன்று விடாமல் பார்த்துக் குறித்துக்கொண்டாள். பாளையங்கோட்டை தபாலாபீசில் காட்டிக் கேட்டேன், போயிரும்மா, ஆனா பதினஞ்சு நாளாவது ஆவும் என்றார்கள். நாள் குறைவாக இருப்பதால் இன்றைக்கே எழுதுகிறேன். பாதியில் வைத்துவிடாதே மகனே, முழுக்கப் படி. முக்கியமானதைக் கடைசியில்தான் எழுதப் போகிறேன், முதலில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

உன் நாள் எப்படிப் போகிறது என்பது எனக்கு இப்போது மனப்பாடம். விடிவதற்கு முன்னால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து யாரோ ஜப்பான்காரருக்குப் பாடம். பிறகு தெருவோரத்தில் அந்தக் குட்டை பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்து வெறும் வயிற்றில் ஐஸ் போட்ட கருங்காப்பி, அதை நிறுத்து, உனக்குச் சின்ன வயதிலேயே வயிற்றுவலி உண்டு. பிறகு வண்டியில் ஆற்றுப் பாலம் தாண்டிப் போய் ஹோட்டலில் வேலை பார்க்கிற பெண்களுக்கு, வருகிறவர்களை எப்படி வரவேற்பது என்று சொல்லிக் கொடுக்கிறாய். மத்தியானம் ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு. பள்ளிக்கூடத்தில் வேலை கேட்டால் வெள்ளைக்காரன்தான் வேண்டும் என்கிறார்கள், அதனால் வீடு வீடாகப் போகிறேன் என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாயாம், முஃபீதா தமிழில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் அந்த வயதான டாக்டர், ஆஸ்திரேலியாவில் பிறந்த பேத்தியோடு பேச வேண்டும் என்று எழுபத்தைந்து வயதில் இங்கிலீஷ் படிக்கிறாரே, அவருக்குப் பாடம். யாரோ ஒருவர் தன் பேத்தியோடு பேச என் பிள்ளை வழி பண்ணிக் கொடுக்கிறான், என்னோடு பேச என் பிள்ளைக்கு யார் வழி பண்ணுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தலைக்கவசத்தின் வாரை மாட்டாமல் தொங்கவிட்டு ஓட்டுகிறாய், அதை மாட்டு. மாட்டுக்கறி சூப் என்று கொடுப்பதில் பன்றி எலும்பும் சேர்க்கிறார்களாமே, கேட்டுச் சாப்பிடு, மீன் கிடைத்தால் மீனோடு நிறுத்திக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி அது கடைசியாக எங்கே நிற்கிறதோ அங்கே இறங்கிச் சுற்றிவிட்டு வருகிறாய். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நீ யாருக்கும் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். உன் வாப்பா பாபநாசம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தபோது பள்ளிக்கூட லீவில் உன்னை முன் சீட்டில் உட்கார்த்திப் பாபநாசம் வரை கொண்டுபோய்க் கொண்டுவருவார், வண்ணார்பேட்டை வந்ததும் இறங்க மாட்டேன் என்று அழுவாய். போன மாதம் அங்கே உப்பங்கழி ஓரத்துக் கிராமம் ஒன்றுக்குப் போன வீடியோவில் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்ததும் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய், இறங்கும்வரை தொடவில்லை. அது வாப்பா பழக்கிவிட்டது. அதை மட்டும் மறுபடி மறுபடி போடச் சொல்லி ஐந்தாறு தரம் பார்த்தேன். அந்தக் கிராமத்தில் பெண்கள் கோரையில் பாய் முடைகிறதைக் காட்டி, எங்கள் ஊர்ப் பக்கமும் இப்படி ஓர் இடம் உண்டு என்றாயாம். பத்தமடை என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் நோகுமா. மூன்று மாதத்துக்கு ஒருதரம் விசாவுக்காக லாவோஸ் எல்லைக்குப் போகிறாய், நாலு மணி நேரம் மலை ரோட்டில் பஸ்ஸில் போய், வெளியே போனதற்கு ஒரு முத்திரை, உள்ளே வந்ததற்கு ஒரு முத்திரை குத்திக்கொண்டு அதே பஸ்ஸில் திரும்புகிறாய். இரண்டு முத்திரைக்காக அவ்வளவு தூரம் போகிறவன்தான் நீ, உம்மா வீட்டுக்குத்தான் வழி தெரியவில்லை. குத்திக் காட்ட எழுதவில்லை, எழுதும்போது தானாக வந்துவிடுகிறது.

அக்டோபர் கடைசியில் உன் ஊர் ஆறு பெருகி வீட்டுக்குள் வந்ததையும் பார்த்தோம். நீ கட்டில் மேல் நின்றுகொண்டு, புத்தகப் பையை அலமாரி மேல் ஏற்றி வைத்துவிட்டு, தண்ணீர் ஏறுகிறது, தண்ணீர் வடிகிறது என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று அந்த நிலைமையிலும் பாடம் நடத்தினாய். அதோடு நாலு நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டு வருசத்துக்கு முன்னால் டிசம்பரில் நம் தாமிரபரணி கரை தாண்டி வந்தபோது உனக்கு எங்கள் போன் கிடைக்காமல் போனது ஞாபகம் இருக்கிறதா, மூன்றாம் நாள் கிடைத்ததும் நீ உம்மா உம்மா என்று தேம்பினாய். உன் வாப்பாகூட, ஏலே நாங்க மாடில கெடக்கோம், ஒண்ணுமில்ல, பைய பேசு என்று சொன்னார். அன்று நீ தவித்த தவிப்பை இப்போது நான் தவித்தேன், ஒரு வித்தியாசம், நீ கூப்பிட்டால் நான் எடுத்திருப்பேன். ஐந்தாம் நாள் நீ வாசலில் உட்கார்ந்து புத்தகங்களில் இருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாய். பார்த்ததும் எழுந்துபோய் இரண்டு ரக்அத் தொழுதேன். தொழுது முடித்ததும்தான் இதை இனிமேல் தள்ளிப்போடக் கூடாது, எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

முஃபீதாவுக்கு மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. பேர் உசாமா, ஏர்வாடிக்காரர், மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் வேலை. லீவில் வந்தவர் தன் உம்மாவுக்கு மூக்குக் கண்ணாடி வாங்க, முஃபீதா பில் போடுகிற வண்ணார்பேட்டைக் கடைக்குப் போயிருக்கிறார். வாங்கிக்கொண்டு போனவர் அதே கண்ணாடி லூசாக இருக்கிறது என்று மூன்று தடவை வந்தாராம், உன் தங்கை வீட்டில் வந்து, அந்தக் கண்ணாடிக்கு ஒண்ணுமே இல்லம்மா, அந்த ஆளுக்குத்தான் என்னமோ என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாள் ஆகிறது என்று எனக்குத்தான் தெரியும். அவளுக்கு இருபத்தொன்பது முடிகிறது. இதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து பேசிவிட்டு, கூடப்பிறந்தவன் ஒருத்தன் இருக்கானாமே, வாப்பா மவுத்துக்குக்கூட வரலையாமே, என்ன குடும்பம் இது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். உசாமாவின் உம்மா அப்படிக் கேட்கவில்லை, பையன் ஜனவரி மூணாந்தேதி திரும்பணும், அதுக்குள்ள முடிச்சிருவோம் என்று மட்டும் சொன்னார்கள். பத்தமடையில் கல்யாணப் பாய்க்குச் சொல்லி, அதில் இரண்டு பேர் பேரும் ஏறிவிட்டது. தேதிக்கு மட்டும் இடம் விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஏன் என்றால், நிக்காஹ் நடக்க வேண்டுமானால் பெண்ணை ஒப்புக்கொடுக்க வலிகாரர் வேண்டும். வாப்பா இல்லாத பிள்ளைக்குக் கூடப்பிறந்தவன்தான் வலிகாரன், அது நீ. நீ வந்து உட்கார வேண்டும், இல்லாவிட்டால் எனக்குப் பதிலாக இன்னார் உட்காரட்டும் என்று உன் கையால் எழுதி, இரண்டு முஸ்லிம் ஆண்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்று நம் பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிவிட்டார்கள். சரி, வாப்பாவுக்கு அண்ணன் பெரியவாப்பா இருக்கிறாரே, நீ எங்கேயோ இருக்கிறாய் என்று சொல்லி அவரை உட்காரச் சொல்லலாம் என்று போய்க் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, அவன் உசுரோட இருக்கயில அவன் சொல்லாம நான் உக்காரமாட்டேன் அலிமா, வாப்பாவ அடக்கதுக்குத்தான் எனக்காகக் காத்திருக்கல, தங்கச்சி நிக்காஹுக்கும் காத்திருக்கலன்னு நாளைக்குச் சொல்லுவாம்லா, ஒரு பழிய சொமந்தாச்சு, ரெண்டாவதுக்கு எனக்குத் தெம்பு இல்ல என்றார். அவர் உட்கார மாட்டேன் என்றால் ஜமாஅத்தாரும் மேற்கொண்டு கை வைக்க மாட்டார்கள். டிசம்பர் பதினைந்துக்குள் உன் பதில் வராவிட்டால் இந்த இடமும் கைவிட்டுப் போகும். உசாமா காத்திருப்பார் என்று முஃபீதா சொல்கிறாள், அவர் வீட்டார் காத்திருக்க மாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும். கடையிலிருந்து வந்தால் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். நான் என்னத்தைச் சொல்லி அவளைத் தேற்றுவது.

இப்போது அந்த விஷயம். நாசரே, உன் வாப்பாவை உனக்காக வைத்திருக்காமல் அன்றைக்கே அடக்கியது பெரியவாப்பா இல்லை. நான்தான். போன வருசம் ஆகஸ்டில் விடியற்காலை சுபுஹு நேரத்தில் வாப்பா போனதும் உனக்குச் சொன்னோம், நாளைக்குக் காலைல வந்துருவேன், வாப்பாவ வச்சிருங்க என்று நீ சொன்னாய். பெரியவாப்பா அதைக் கேட்டுவிட்டு வந்திருந்தவர்களிடம், பையன் வந்து மொகத்தப் பாக்கட்டும், ஒரு ராத்திரிதான, பொறுப்போம் என்று அவராகத்தான் சொன்னார். ஐஸ் பெட்டிக்குச் சொல்லி அனுப்பியதும் அவர்தான். பத்து மணிக்கு அதைக் கொண்டுவந்து டிவி இருந்த இடத்தில் வைத்து, டிவி பிளக்கிலேயே மாட்டி, வாப்பாவை உள்ளே வைத்து மூடினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியில் கையை வைத்தேன். கை விறைத்துப்போனது. உன் வாப்பா எப்பேர்ப்பட்ட குளிர்நடுங்கி என்று உனக்குத் தெரியும். மார்கழியில் பாபநாசம் முதல் டிரிப்புக்குப் போகும்போது சட்டைக்கு மேல் சட்டை போட்டு, குல்லா வைத்து, அதற்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டு போவார், டிரைவர் அவரைப் பார்த்துத் தினமும் சிரிப்பார். முப்பத்தைந்து வருசமும் ஃபேனை இரண்டுக்கு மேல் வைக்க விடாமல் என்னோடு சண்டை போட்ட மனுசர். அவரை ஒரு வேட்டியைப் போர்த்தி அதற்குள் போட்டுவிட்டார்கள், அது உறுமிக்கொண்டே இருக்கிறது. அவருக்குக் குளுருது என்று சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள், யாரும் அதை நிறுத்தவில்லை. இரண்டு மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு பெரியவாப்பாவைக் கூப்பிட்டனுப்பி, இன்னைக்குச் சாயங்காலம் அஸருக்கே எடுத்திருங்க மச்சான், என்னால பாக்க முடியல என்றேன். அவன் வந்து கேப்பாம்லா, என்ன சொல்ல என்றார். நான் சொல்லிக்கிடுதேன் என்றேன். அவர் இரண்டு தரம் கேட்டார், இரண்டு தரமும் நான் அதையே சொன்னேன்.

சொல்லவில்லை. நீ கோலாலம்பூரில் அடுத்த விமானத்துக்கு வரிசையில் நின்றுகொண்டு கூப்பிட்டபோது புருசனை இழந்தவள் இத்தா இருக்க வேண்டும் என்று என்னை உள்ளே உட்கார்த்திவிட்டார்கள், போனைப் பெரியவாப்பாதான் எடுத்தார். அடக்கியாச்சுப்பா என்று சொன்னவரை நீ என்னவெல்லாமோ கேட்டாய், சொத்துக்கு அவசரமா என்றுகூடக் கேட்டாயாம். உன் உம்மாதான் சொன்னாள் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை, இன்றுவரை வரவில்லை. நீ அங்கிருந்தே திரும்பிப் போய்விட்டாய். அப்புறமும் நீ என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தாய். பிப்ரவரியில் ஒருநாள், நீ ஏம்மா அவரத் தடுக்கல என்று கேட்டாய். அன்றாவது சொல்லியிருக்க வேண்டும். நான் பொம்பள, உள்ள கெடந்தேன், என்கிட்ட யாரு கேட்டா என்று பொய் சொன்னேன். நீ சரிம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாய். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. நான் பொய் சொன்னது உனக்கு அன்றே தெரிந்துவிட்டதோ என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். ஏன் சொன்னேன் என்றால் பயம். உன் வாப்பாவும் போய்விட்டார், உள்ளதைச் சொன்னால் நீயும் போய்விடுவாய் என்று பயந்தேன். பயந்து எதைப் பிடித்து வைத்தேன், ஒன்றும் இல்லை. உன் வாப்பாவின் கபரில் நீ போட வேண்டிய மூன்று பிடி மண்ணை நான்தான் உன் கையிலிருந்து தட்டிவிட்டேன். அவருக்குக் குளிருமே என்று பார்த்தேன், உனக்கு ஆயுசுக்கும் ஆறாதே என்று பார்க்கவில்லை. இதை எழுதப்போகிறேன் என்று நேற்று பெரியவாப்பாவிடம் சொன்னேன். எழுதாத அலிமா, எம்மேலயே கெடக்கட்டும், ஒனக்கு இருக்க ஆம்பளப் புள்ள அவன் ஒருத்தன்தான் என்றார். அந்த மனுசரையா நீ அப்படிக் கேட்டாய். வெள்ளிக்கிழமை தவறாமல் உனக்குப் பதிலாக அவர்தான் கபரடிக்குப் போய் யாசீன் ஓதிவிட்டு வருகிறார். முஃபீதாவுக்கும் இது தெரியாது. இன்று கடையிலிருந்து அவள் வந்ததும் சொல்லிவிட்டுத்தான் உறையில் விலாசம் எழுதச் சொல்லுவேன்.

மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வாய் வரவில்லை, அது உன் இஷ்டம். என்மேல் உள்ள கோபத்தை அவள் தலையில் மட்டும் இறக்கிவிடாதே. வர மாட்டேன் என்றால், இதோடு ஹஜ்ரத் எழுதிக் கொடுத்த தாளை வைத்திருக்கிறேன், அதில் பெரியவாப்பா பேரை எழுதிக் கையெழுத்துப் போடு. உன் ஊரில் பள்ளிவாசல் இல்லை என்று நீ முன்னே சொன்னாய், சைகோனில் இருக்கிறதாம், அங்கே போனால் சாட்சிக்கு ஆள் கிடைக்கும். எத்தனையோ பஸ்ஸில் கடைசிவரை போகிறாய், இதையும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணமாக வைத்துக்கொள். என்னைத் திட்ட வேண்டியதைத் தனியாக எழுது, எத்தனை பக்கம் ஆனாலும் உட்கார்ந்து படிப்பேன். ஆனால் மகனே, உன் லாவோஸ் முத்திரை டிசம்பர் கடைசியோடு முடிகிறது, எப்படியும் நீ அந்த நாட்டை விட்டு ஒருதரம் வெளியே வந்தே ஆக வேண்டும் என்று முஃபீதா பார்த்துச் சொன்னாள். அந்த ஒருதரத்தை இங்கே வந்து கழித்துவிட்டுப் போயேன். நிக்காஹ் முதலில் டிசம்பர் இருபத்தேழு சனிக்கிழமை அஸருக்கு என்றுதான் பேச்சு. அன்று நீ ஏற இருந்த அதே விமானம் இப்போதும் ஓடுகிறதாம், அந்த வாரம் சனிக்கிழமைதான் அதில் இடம் இருக்கிறதாம், ராத்திரி திருவனந்தபுரத்தில் இறங்கினால் விடியும்போது வீட்டுக்கு வந்துவிடலாம். அதனால் நிக்காஹை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லுஹருக்கு மாற்றச் சொல்லி ஏர்வாடிக்குப் போய்க் கேட்டேன். எதுக்கு ஒரு ராத்திரி தள்ளணும் என்று எல்லாரும் கேட்டார்கள். நான் காரணம் சொல்லவில்லை, சம்மதிக்கும்வரை எழுந்திருக்கவும் இல்லை. அன்று நீ கேட்டதும் ஒரு ராத்திரிதான்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல தேகத்தையும் ஹலாலான சம்பாத்தியத்தையும் தருவானாக, உன்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்கும் பரக்கத்தைத் தருவானாக, அந்த டாக்டர் தன் பேத்தியோடு வாய் நிறையப் பேசட்டும். தண்ணீர் வடிந்த வீட்டில் தரையில் படுக்காதே. வருவதாக இருந்தால் கோலாலம்பூரில் மாறும்போது ரொம்பக் குளிரும் என்கிறார்கள், தடிச் சட்டை ஒன்றைப் பெட்டியில் போடாமல் கையில் வைத்துக்கொள், நீயும் உன் வாப்பாவைப் போலத்தான்.

இந்தத் தடவை பொறுத்திருக்கும் உன் உம்மா,
அலிமா பீவி